தேயத் தேயப் பிறக்கும் ஓசை

ஆஸ்திரேலிய மேய்ச்சல் வெளிகளில் வளர்ந்த தோற்சாட்டை முடையும் வித்தையும், அதைக் கற்கப் புகுகிறவன் கடக்கும் படிகளும்

2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் நிறைந்திருந்த சிட்னி ஒலிம்பிக் அரங்கில், விழாவின் தொடக்கமாக ஒற்றைக் குதிரைவீரர் ஒருவர் மைதானத்துக்குள் பாய்ந்து வந்தார்; நடுவிடத்தை அடைந்ததும் குதிரையைப் பின்னங்கால்களில் நிமிர்த்தி நிறுத்தி, கையிலிருந்த நீண்ட தோற்சாட்டையைச் சொடுக்கினார். அந்த ஓசையையே உத்தரவாக ஏற்றவர்களைப் போலக் குதிரைவீரர்கள் அணியணியாகப் புகுந்தார்கள். 120 குதிரைகளின் குளம்படியில் அரங்கம் அதிர்ந்தது. உலகத்தார் அனைவரும் கண்டுகொண்டிருக்கையில், தன்னை இன்னாரென்று அறிமுகம் செய்துகொள்ள ஒரு தேசம் தேர்ந்தெடுத்த முதல் சொல், மாட்டு மந்தை ஓட்டுகிறவனின் சாட்டைச் சொடுக்காக இருந்தது.

சாட்டை என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது தண்டனை. அடிப்பதற்கென்றே உண்டான ஆயுதம், அதிகாரத்தின் கைநீட்சி என்றே அதை நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் அன்று அரங்கில் எழுந்த ஓசை எதன் மீது அடித்து எழுந்தது? குதிரையின் மீது படவில்லை. தரையின் மீதும் படவில்லை. வெறும் காற்றில், ஒன்றையும் தீண்டாமல், துப்பாக்கி வெடித்தாற்போல ஓர் ஓசை. அந்த ஓசையைத் தோலுக்குள் வைத்து முடையும் கைகள் யாருடையவை, அவை அந்த வித்தையை எவ்விதம் கற்கின்றன என்று விசாரித்துக்கொண்டு போனால், கசாப்பு, பௌதிகம், சடைப்பின்னல், சரித்திரம் ஆகிய நான்கையும் ஒரே முடிச்சில் காணும்படியான விசித்திரம் நேர்கிறது.

சொடுக்கின் சூட்சுமம்

சாட்டையின் நுனி ஒலியைக் காட்டிலும் வேகமாகச் செல்வதால்தான் அந்த வெடிச் சப்தம் பிறக்கிறது என்று 1905-இல் ஜெர்மானியப் பௌதிக அறிஞர் ஓட்டோ லும்மர் ஊகித்துச் சொன்னார். ஊகம் பிரத்தியட்சமாவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1927-இல் காரியேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதிவேகப் புகைப்படங்களின் உதவியால், நுனியிலிருந்து புறப்படும் அதிர்ச்சி அலையின் நிழலைப் படத்தில் பிடித்துக் காட்டினார். சாதாரணக் காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. ஆகாய விமானத்தில் அந்த எல்லையைச் சக் யீகர் கடந்தது 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி. மாட்டுக்காரனோ, தான் செய்வது இன்னதென்று அறியாமலே, அதற்கு நெடுங்காலம் முன்னரே அதைத் தன் மணிக்கட்டால் கடந்துகொண்டிருந்தான்.

மணிக்கட்டுக்கு இத்தனை சக்தி எங்கிருந்து வந்தது? மணிக்கட்டில் அது இல்லை. சாட்டையின் வடிவத்தில் இருக்கிறது. கை முன்னோக்கி வீசும்போது சாட்டையில் ஒரு மடிப்பு உண்டாகிறது. அந்த மடிப்பு காம்பிலிருந்து நுனியை நோக்கி உருண்டு ஓடுகிறது. ஓட ஓட, அதன் வழியிலிருக்கும் தோலின் பருமனும் பாரமும் குறைந்துகொண்டே வருகின்றன. கை கொடுத்த சக்தியோ அவ்வளவாகக் குறைவதில்லை. சொத்து அப்படியே இருக்க, தலைமுறைக்குத் தலைமுறை வாரிசுகள் மட்டும் குறைந்துகொண்டே போகும் வம்சத்தில், கடைசி வாரிசின் கையில் எவ்வளவு ஐசுவரியம் சேருமோ, அவ்வளவு வேகம் நுனியில் இருக்கும் சில நூல்களின் பங்காக வந்து சேர்கிறது. 2002-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொரியலியும் மக்மில்லனும் இதைக் கணிதத்தால் ஆராய்ந்து, ஓசை பிறப்பது உருண்டு செல்லும் அந்த மடிப்பே ஒலியின் வேகத்தை எட்டும் தருணத்தில்தான் என்றும், நுனியின் சில பாகங்கள் அதைப் போல் இரு மடங்கு வேகத்தையும் தொடக்கூடும் என்றும் எழுதினார்கள்.

சமன்பாடுகளால் அவர்கள் நிறுவியதை முடைஞர்கள் விரல்களால் அறிந்திருந்தார்கள். சாட்டையின் லட்சணம் தேய்வு. காம்பருகே கட்டைவிரலைப் போலத் தடித்திருப்பது, எந்த இடத்திலும் பள்ளமோ மேடோ இல்லாமல், எங்கே மெலிந்தது என்று கண்ணுக்குத் தெரியாமலே மெலிந்து, கடைசியில் குதிரைமயிராக முடிய வேண்டும். நடுவே ஓரிடத்தில் திடீரென்று தடித்தாலும், திடீரென்று மெலிந்தாலும், உருண்டு வரும் மடிப்பு அங்கே இடறிவிடும், ஓசை பிறவாது. ஆகவே சாட்டை முடையக் கற்பது என்பது, பெரும்பாலும், குறைக்கக் கற்பதே.

பெயரின் யாத்திரை

தமிழில் சாட்டை என்றும் சவுக்கு என்றும் இரு பெயர்கள் வழங்குகின்றன. சவுக்கு என்பது பாரசீகத்துச் சாபுக் என்ற சொல்லின் வழிவந்தது. அதே சொல் கிழக்கே போய் மலாய் மொழியில் சம்புக் ஆயிற்று. அங்கிருந்து கப்பலேறித் தென்னாப்பிரிக்காவை அடைந்து, காண்டாமிருகத்தின் தோலிலும் நீர்யானைத் தோலிலும் செய்யப்பட்ட முரட்டுத் தடிச்சவுக்குக்கு ஷாம்பொக் என்று பெயராயிற்று. நம் கடற்கரையோரங்களில் வரிசை வரிசையாக நிற்கும் மரத்துக்கும் சவுக்கு என்றே பெயர்; அந்த மரத்தின் பூர்வீகமோ ஆஸ்திரேலியாவும் அதற்கு வடக்கேயுள்ள தீவுகளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகச் சென்னை ராஜதானியில் அது பெருவாரியாகப் பயிராக்கப்பட்டது. மரமும் சாட்டையும் ஒரே பெயரைத் தாங்கி, ஒன்று அங்கிருந்து இங்கு வந்து வேரூன்றியிருக்க, மற்றொன்று அங்கேயே தங்கிப் பெரும் கலையாக வளர்ந்ததைத் தற்செயல் என்று சொல்லலாம். ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல்.

ஆஸ்திரேலியாவின் மந்தைச் சாட்டைக்கும் அமெரிக்காவின் காளைச் சாட்டைக்கும் உருவத்தில் ஒரு முக்கியமான பேதம் உண்டு. அமெரிக்கச் சாட்டையில் குட்டையான காம்பும் உடலும் ஒரே பின்னலாகத் தொடரும். ஆஸ்திரேலியச் சாட்டையிலோ, ஒன்றரை அடிக்குச் சற்று மேற்பட்ட பிரம்புக் காம்பு தனி, ஆறு முதல் எட்டு அடி நீளமுள்ள சாட்டையுடல் தனி. இரண்டையும் தோல் வளையங்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். குதிரையின் மேல் அமர்ந்திருப்பவன் நீண்ட காம்பினால் எட்டிச் சொடுக்கவும், உடல் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றவும் இந்த அமைப்பு வசதியானது. உடலின் நுனியில் ஒற்றைத் தோல்வாராக ஒரு விழுது தொங்கும்; விழுதின் நுனியில் குதிரைமயிரிலோ, பட்டு நூலிலோ, இக்காலத்தில் நைலான் இழையிலோ முறுக்கிய ஒரு சிறு குஞ்சம். ஓசையைப் பிறப்பிப்பது அந்தக் குஞ்சமே. முதலில் பிய்ந்து போவதும் அதுவே.

தோலின் சுபாவம்

இந்த வித்தைக்கு உகந்த தோல் கங்காருவினுடையது என்பதில் உலகத்து முடைஞர்களிடையே அநேகமாக அபிப்பிராய பேதம் இல்லை. மாட்டுத் தோலில் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதால், அதை மெல்லியதாகச் சீவினால் நார்கள் அறுபட்டு வலிமை போய்விடும். கங்காருத் தோலில் நார்கள் தோலின் பரப்புக்கு இணையாக, நெல்வயலில் காற்றுக்குச் சாய்ந்த கதிர்களைப் போல, ஒரே போக்காகப் படுத்திருக்கின்றன. ஐந்தில் ஒரு பங்கு தடிமனாகச் சீவிய பிறகும் கங்காருத் தோல் தன் இழுவலிமையில் 30 முதல் 60 சதவீதம் வரை காத்துக்கொள்ளும் என்றும், அதே அளவுக்குச் சீவிய கன்றின் தோலில் 1 முதல் 4 சதவீதமே எஞ்சும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். மெலிந்தாலும் வலிமை குறையாத பொருள் வேண்டும் என்பதுதான் சாட்டையின் முதல் நிபந்தனை. அந்த நிபந்தனைக்கென்றே படைத்தாற்போல ஒரு தோல் அதே பூமியில் துள்ளித் திரிந்துகொண்டிருந்தது.

கங்காருவை யாரும் பண்ணையில் வளர்ப்பதில்லை. காட்டில் திரிவதை, மாகாண அரசுகள் ஆண்டுதோறும் விதிக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு, உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் சுடுகிறார்கள். இதைக் கொடுமை என்று எதிர்ப்பவர்களும் உண்டு. பெருகும் மந்தையைக் கட்டுப்படுத்தும் நியாயமான வழி என்று ஆதரிப்பவர்களும் உண்டு. கலிஃபோர்னியா மாகாணம் 1971-இலேயே கங்காருப் பொருள்களின் வியாபாரத்தைத் தடை செய்தது. இடையில் சில ஆண்டுகள் தளர்ந்த அந்தத் தடை 2016 முதல் மறுபடியும் அமலில் இருக்கிறது. கால்பந்துக் காலணிகளுக்கு இத்தோலைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொள்வதாக நைக்கியும் பூமாவும் 2023-இல் அறிவித்தன. முடைஞனின் பட்டறைக்கு வந்து சேரும் ஒவ்வொரு தோலும் இந்த விவாதத்தையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. அவன் அதற்குச் செய்யக்கூடிய மரியாதை ஒன்று உண்டு: ஓர் அங்குலத்தையும் வீணாக்காமல் வெட்டுவது.

கத்தியே முதற்பாடம்

சாட்டை முடையக் கற்க வருகிறவன், வந்த அன்றே பின்னலைக் கற்றுக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்து வருகிறான். அவன் கையில் கொடுக்கப்படுவது கத்தி. அதைத் தீட்டுவதே ஒரு தனி அப்பியாசம். மழுங்கிய கத்தி தோலை அறுக்காமல் இழுக்கும், இழுபட்ட வார் ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் போகும்.

தோலைப் பலகையில் விரித்ததும் முதல் காரியம் அதைப் படிப்பது. காட்டில் வாழ்ந்த பிராணியாதலால் அதன் வாழ்க்கை முழுவதும் அதன் தோலில் எழுதியிருக்கும்: முள்கம்பியில் உரசிய கோடு, இன்னொரு கங்காருவோடு பொருத நகக்கீறல், ஆறிய புண்ணின் வடு. ஒவ்வொரு வடுவும் வார் அறுந்துபோகக்கூடிய ஓர் இடம். முதுகெலும்பை ஒட்டிய பகுதி திண்ணென்றிருக்கும்; வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும். எந்தப் பகுதி மேற்பின்னலுக்கு, எந்தப் பகுதி உள்ளே மறையும் பின்னலுக்கு, எது வெறும் நிரப்புக்கு என்று பிரித்தறிவதற்குள் மாணாக்கனின் பொறுமை ஒருமுறை பரீட்சிக்கப்பட்டுவிடும்.

பிறகு வெட்டு. மாம்பழத்தின் தோலை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவியெடுக்கிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். அதே யுக்திதான் இங்கும். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே போனால், சிறிய தோலொன்றிலிருந்தே மிக நீண்ட வார் கிடைத்துவிடும். இடக்கை வாரை இழுத்துக்கொண்டிருக்க, வலக்கையில் கத்தி, கத்திக்கு எதிரே கட்டைவிரல். விரலுக்கும் அலகுக்கும் உள்ள இடைவெளிதான் அளவுகோல். அந்த இடைவெளியை அடிக்கணக்கில் மாறாமல் காப்பது ஒரு சாமர்த்தியம். அதைவிடக் கடினம், காம்பருகே கால் அங்குலம் இருந்த வார் நுனியருகே அதில் பாதியாகும்படி, அந்த இடைவெளியை மயிரிழை மயிரிழையாகக் குறைத்துக்கொண்டே போவது. அப்படி ஒரு வார் வெட்டினால் போதாது. பன்னிரண்டு வெட்ட வேண்டும். பன்னிரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

வெட்டிய வார் அப்படியே பின்னலுக்கு ஆகாது. முதலில் சற்று அகலமாகவே வெட்டி, கைகளால் வலித்து நீட்டி, நீளக்கூடியதெல்லாம் நீண்டு முடிந்த பிறகு, மறுபடியும் கத்தி வைத்துச் சரியான அளவுக்கு நறுக்க வேண்டும். இன்றைக்கு நீட்டாமல் விட்டது நாளைக்குச் சாட்டையில் தொங்கித் தளரும். அதற்கு மேல், ஒவ்வொரு வாரின் ஓரத்தையும் சரிவாகச் சீவ வேண்டும். சீவாத வார்கள் பக்கத்தில் பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும், சீவியவை ஓட்டுக்கூரையில் ஓடு படிவதைப்போல ஒன்றின் மேல் ஒன்று படியும். கடைசியாக, மிருகக் கொழுப்பையும் சோப்பையும் தண்ணீரில் காய்ச்சி ஆற்றிய குழம்பை வாரெங்கும் தடவ வேண்டும். அந்த வழுவழுப்பினால்தான் தோல் தோலின் மேல் நழுவி இறுகிப் பொருந்தும். அதே கொழுப்பு உள்ளே ஊறிப் பிற்காலத்தில் சாட்டையை வறண்டு போகாமல் காக்கும்.

இவ்வளவும் முடிந்து பார்த்தால், நாள் கழிந்திருக்கும். பின்னல் இன்னும் ஒரு கண்ணிகூடப் போட்டிருக்கமாட்டான்.

வயிறும் மேற்பின்னலும்

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குச் சாட்டை ஒரே பின்னல். அதை அறுத்துப் பார்த்தால்தான் உள்ளே அடுக்கடுக்காகச் சாட்டைகள் இருப்பது தெரியும். நடுவே ஒரு தோல் நாக்கு. அதைச் சுற்றி நான்கு வார்ப் பின்னல். அதன்மேல் கூம்பாக வெட்டிய தோலுறை. அதன்மேல் எட்டு வாரால் இன்னொரு பின்னல். மறுபடி ஓர் உறை. எல்லாவற்றையும் மூடிக்கொண்டு பன்னிரண்டு வாரோ பதினாறு வாரோ கொண்ட மேற்பின்னல். உள்ளே இருக்கும் பின்னலை ஆஸ்திரேலிய முடைஞர்கள் தங்கள் பாஷையில் வயிறு என்றே அழைக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான், வயிறு சரியில்லாதவன் எந்த அழகான சட்டை போட்டாலும் நிமிர்ந்து நடக்க முடியாதல்லவா?

அந்த உள்ளடுக்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தில் முடிந்துவிடும். முதல் வயிறு சிறிது தூரம் சென்று நின்றுவிடும். அதன் உறை சற்று அப்பால் நிற்கும். இரண்டாம் வயிறு இன்னும் அப்பால். சாட்டை மெலிவதன் உட்காரணம் இதுதான். எந்த அடுக்கு எங்கே முடிகிறது என்பது வெளியே தெரியக்கூடாது. விரலால் தடவினாலும் தட்டுப்படக்கூடாது. முடிகிற இடத்தைக் கத்தியால் காகிதமாகச் சீவிக் கரைத்துவிடுவதில்தான் கைத்திறமை இருக்கிறது.

பின்னலின் விதியைச் சொல்லிவிடுவது சுலபம். எட்டு வாரில் நாலு இடப்புறம், நாலு வலப்புறம். இடக்கடைசி வாரைப் பின்புறமாகச் சுற்றி வலப்புறத்துக்குக் கொண்டுவந்து, இரண்டின் அடியில் நுழைத்து, இரண்டின் மேல் போட்டு, தன் பக்கத்துக்கே திருப்பிவிட வேண்டும். அடுத்து வலக்கடைசி வாருக்கும் அதே விதி. இப்படியே மாறி மாறிப் போனால் மீன்முள் வரிசை தானாக எழும். நம் வீட்டுப் பெண்கள் சடையை மூன்று கால், நான்கு கால் என்று எண்ணிப் பின்னுவதைப் போன்றதுதான் இது. பன்னிரண்டு கால் என்றால் எண்ணிக்கை கூடுகிறதே தவிர, தத்துவம் மாறுவதில்லை. காலை நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு அவசரப்படும் மகளை முழங்காலுக்கிடையே நிறுத்திச் சடை பின்னும் தாய் நன்றாக அறிவாள்: ஒரு காலைத் தளர விட்டால் சடை முழுவதும் அந்தப் பக்கம் கோணும்.

சாட்டையிலும் அப்படியே. முடைகிறவன் ஒரு முனையைச் சுவரிலோ தூணிலோ உள்ள கொக்கியில் மாட்டி, தன் உடற்பாரம் முழுவதையும் பின்னே சாய்த்து இழுத்து இறுக்குகிறான். மணிக்கணக்கில் நின்றபடியே அந்த இழுப்பு மாறாதிருக்க வேண்டும். காலையில் இழுத்த பலத்தில் மாலையிலும் இழுக்க வேண்டும். களைத்த கையின் பின்னல் தளர்ந்து தெரியும். கோபத்தில் இழுத்தவனின் வார் அறும். கற்பவன் முதல் சில சாட்டைகளில் தன் மனோபாவத்தை நாழிகைக்கு நாழிகை படித்துவிடலாம் என்று சொல்வது மிகையன்று.

இதோடு, மெலிய மெலியக் கால்களின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். பன்னிரண்டு கால் பத்தாகி, பத்து எட்டாகி, எட்டு ஆறாகி நுனியை அடையும். விலக்கப்படும் வாரை வெட்டி எறிவதில்லை. உள்ளே மடித்து, மற்றவற்றின் அடியில் சிறிது தூரம் கிடத்தி, அதை அவை மூடிக்கொண்டு போகும்படி செய்வார்கள். இந்த விலகல் நடந்த இடத்தைப் பார்த்தவர் கண்டுபிடித்துவிட்டால், மாணாக்கன் இன்னும் மாணாக்கன்தான்.

பின்னல் முடிந்ததும் சாட்டையைத் தரையில் போட்டு, மேலே பலகையை வைத்து உருட்டுவார்கள். மேடு பள்ளமெல்லாம் அமர்ந்து, உருவம் திரண்டு வட்டமாகும். காம்பின் முனையில் தலைப்பாகைச் சுற்றைப் போல ஓர் அலங்கார முடிச்சு போடுவதுண்டு. சில முடைஞர்கள் காம்பின் மேல் இருநிறத் தோல் கொண்டு சதுரங்கக் கட்டங்களையும், சாட்டைக்கு உடையவனின் பெயரெழுத்துக்களையுமே பின்னிக் காட்டுவார்கள். கண்ணைக் கவர்வது அதுதான். ஆயினும் தேர்ந்த முடைஞர் புதிய சாட்டையைக் கையில் வாங்கினால், காம்பைப் பார்ப்பதற்கு முன்னால் உடலை விரல்களுக்கிடையே வழுக்க விட்டு, நுனி வரை ஒருமுறை தடவிப் பார்ப்பார். விரல் எங்கும் நில்லாமல் போய்ச் சேர்ந்ததா என்பதே பரீட்சை.

குருமாரும் நூல்களும்

இந்த வித்தை நெடுங்காலம் கையிலிருந்து கைக்கே போய்க்கொண்டிருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1908-இல் பிறந்து, இளவயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி, கிணறு தோண்டியும் ஒட்டகம் ஓட்டியும் பிழைத்த ஆர். எம். வில்லியம்ஸ் என்பவர், 1930-களின் பொருளாதார மந்தத்தில் ஃபிளிண்டர்ஸ் மலைப் பிரதேசத்தின் இட்டலோவி என்ற கணவாயில் வறுமையோடு தங்கியிருந்தார். அங்கே டாலர் மிக் என்று அழைக்கப்பட்ட ஒரு நாடோடிக் குதிரைக்காரர் வந்து சேர்ந்து, தோலை அறுப்பதையும் தைப்பதையும் பின்னுவதையும் அவருக்குக் கற்பித்தார். அந்தச் சிட்சையை மூலதனமாகக் கொண்டு வில்லியம்ஸ் அடிலெய்டில் தொடங்கிய தோல் வியாபாரம், பிற்காலத்தில் காலணிகளால் உலகப் பெயர் பெற்றது. தாம் கற்றதைப் பூட்டி வைக்காமல், காட்டுவாசிகளின் கைத்தொழில்களைப் பற்றி அவர் நூலும் எழுதினார். குவீன்ஸ்லாந்தின் லாங்ரீச்சில் 1988-இல் திறக்கப்பட்ட மந்தைக்காரர் நினைவுக் கூடத்தை நிறுவ முன்னின்றவர்களில் அவரும் ஒருவர், 2003-இல் காலமானார்.

ஏட்டில் இதை விஸ்தாரமாகப் பதிந்தவர்களில் மற்றொருவர் குரண்டாவில் வாழ்ந்த ரான் எட்வர்ட்ஸ். முதிய மந்தைக்காரர்களைத் தேடிச் சென்று, அவர்கள் விரல்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் சித்திரமாக வரைந்து, படிப்படியாக விளக்கி வைத்தார். குரு கிடைக்காத ஊரில் இருப்பவனுக்கு அவர் நூல்களே குரு. அமெரிக்காவில் அதே பணியை டேவிட் மார்கன் செய்தார். ஆஸ்திரேலியச் சாட்டைகளை வரவழைத்து விற்கத் தொடங்கி, பிறகு தாமே முடைந்து, 1972-இல் சாட்டைகளையும் அவற்றை முடையும் முறையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். 1981-இல் வெளிவந்த முதல் இந்தியானா ஜோன்ஸ் திரைப்படத்தில் ஹாரிசன் ஃபோர்டு கையில் சுழன்ற கங்காருத் தோற்சாட்டை மார்கனின் கைவேலை. அந்தப் படத்தைக் கண்ட எத்தனையோ சிறுவர்கள் வீசுவதில் ஆசை கொண்டு தொடங்கி, முடைவதில் வந்து முடிந்தார்கள். இன்று பல நாடுகளில் இதைத் தொழிலாகவோ பொழுதுபோக்காகவோ கொண்டிருப்பவர்களில் பலருடைய பூர்வ கதை அதுவே. தோல் விலையுயர்ந்தது என்பதால், நைலான் கயிற்றில் பழகிக் கைபடிந்த பிறகு தோலுக்கு வருவது இப்போதைய வழக்கம்.

ஓசையின் நிழல்

இத்தனை சிரத்தையோடு செய்யப்படும் பொருளின் மேல் ஒரு நிழல் விழுந்திருப்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1788-இல் கைதிகளைக் குடியேற்றித் தொடங்கப்பட்ட ஆஸ்திரேலியாவின் முதல் அரை நூற்றாண்டில், ஒன்பது வாலுள்ள கயிற்றுச் சவுக்கு அரசாங்கத்தின் அன்றாடக் கருவியாக இருந்தது. 50, 100 என்று எண்ணி மனித முதுகுகளில் அடித்தார்கள். மந்தைச் சாட்டை வேறு ஜாதி. மாட்டின் மேல் படாமல், அதன் பக்கத்தில் ஓசையெழுப்பித் திசை திருப்புவதே அதன் தருமம். தோலில் காயம் பட்ட மாடு உடையவனுக்கு நஷ்டம் என்ற வியாபார நியாயமும் அதற்குத் துணை நின்றது. ஆனால் மந்தைச் சாட்டையைச் சொடுக்கிய கைகளில் எத்தனையோ பூர்வகுடிகளின் கைகள். அந்த மேய்ச்சல் நிலங்கள் அவர்களிடமிருந்தே பறிக்கப்பட்டவை. சோற்றுக்கும் சொற்பக் கூலிக்கும் உழைத்த அவர்களில், குரிஞ்சி இனத்தார் ஏறக்குறைய 200 பேர், வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் 1966 ஆகஸ்டில் வேவ் ஹில் என்ற பண்ணையை விட்டு வெளியேறினார்கள். ஒன்பது ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு, 1975-இல் பிரதமர் கஃப் விட்லம் ஒரு பிடி மண்ணை எடுத்து லிங்கியாரியின் உள்ளங்கையில் இட்டு, நிலத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். சிட்னி அரங்கில் கேட்ட ஓசைக்குள் இதுவும் அடங்கியிருக்கிறது.

இன்று பெரிய பண்ணைகளில் மந்தையை ஓட்டுவது மோட்டார் சைக்கிளும் ஹெலிகாப்டரும். சாட்டை கண்காட்சித் திடலுக்கு நகர்ந்துவிட்டது. இரு கைகளிலும் இரு சாட்டைகளைச் சுழற்றி ஓசைகளைத் தாளமாகக் கோப்பவர்கள் போட்டியிடுகிறார்கள். அவசியம் நீங்கிய பிறகும் ஒரு தொழில் பிழைத்திருப்பதற்கு, அதைச் செய்கிறவனுக்கு அதில் கிட்டும் ஆனந்தத்தைத் தவிர வேறு ஆதாரம் வேண்டுமோ?

மூடிய பின்னல்

கற்பவன் கைதேர்ந்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக அவனிடம் வந்து சேரும் வேலை, புதுச் சாட்டை அன்று, பழுது பார்ப்பது. குஞ்சம் பிய்ந்தால் உடையவனே முறுக்கிக்கொள்வான். விழுது அறுந்தால் புதிது கட்டிக்கொள்வான். மேற்பின்னல் தேய்ந்து இற்றுப்போன பாட்டன் காலத்துச் சாட்டைதான் முடைஞனிடம் வரும். வெளி வார்களை ஒவ்வொன்றாக அறுத்து உரித்தால், உறை தெரியும். உறையை நீக்கினால், எவர் செய்தார், எந்த ஊரில் செய்தார் என்று சொல்ல ஆளில்லாத ஒருவரின் வயிற்றுப் பின்னல், செய்து முடித்த நாளில் மூடப்பட்டது முதல் ஒருவர் கண்ணிலும் படாமல், வெளிச்சத்துக்கு வரும். சில சாட்டைகளில் அது ஏனோதானோவென்று கிடக்கும். சிலவற்றில், எவரும் பார்க்கப் போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தும், கண்ணிக்குக் கண்ணி ஒரே இறுக்கமாய், ஒரே சரிவாய், கொழுப்பின் வாசனைகூட மாறாமல் இருக்கும்.

அப்படி ஒன்றைக் காணும் மாணாக்கன், அதைச் சிறிது நேரம் விரலால் தடவிப் பார்ப்பான். விரல் எங்கும் நிற்பதில்லை. பிறகு அதன் மேல் புதிய உறையை இறுக்கிச் சுற்றி, தான் வெட்டி வைத்திருக்கும் பன்னிரண்டு வார்களையும் கொக்கியில் மாட்டி, பின்னுக்குச் சாய்ந்து, முதல் கண்ணியைப் போடத் தொடங்குவான்.